கோலாலம்பூரிலிருந்து வார இறுதி சாகசப் பயணங்கள்: விலையும் விளம்பரமும் எப்படி இருக்க வேண்டும்?

ரவாங்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, தலைநகரில் இருக்கும் நம் தமிழ் இளைஞர்களுக்காக வார இறுதி சாகசப் பயணங்கள் நடத்தலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். பேரங்காடியும் உணவகமும்தான் பொழுதுபோக்கு என்று ஆகிவிட்டது. நம் வீட்டு வாசலிலிருந்து ஒரு மணி நேரத்தில் காடு, ஆறு, பாறை எல்லாம் இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகளை அதிகம் பார்க்க முடியவில்லை.

முதல் திட்டம் இது. சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் வேன் ஏறி கோலகுபு பாரு போவது. காலையில் புக்கிட் கூத்து அடிவாரத்தில் கொஞ்சம் நடை, மதியச் சாப்பாடு, பிறகு சிலாங்கூர் ஆற்றில் ராஃப்டிங், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் போவது. மாலையில் திரும்பிவிடலாம். அடுத்த கட்டமாகப் பத்துமலை டமாய் பக்கம் பாறை ஏற்றம், கிள்ளான் கேட்ஸ் குவார்ட்ஸ் முகடு எல்லாம் சேர்க்கலாம். ஆளுக்கு 89 வெள்ளி போட்டால் கூட்டம் வரும் என்று நினைக்கிறோம். குறைந்தது 30 பேர் வந்தால் செலவு கட்டுபடியாகும். 2026 மலேசியா சுற்றுலா ஆண்டு என்பதால் வெளிநாட்டுத் தமிழர்களும் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. டிக்டாக்கில் விளம்பரம் செய்ய ஒரு நண்பர் உதவுகிறார்.

அனுபவம் உள்ளவர்கள் தாராளமாகக் குறை சொல்லுங்கள்.

ஆற்றோரம்

தம்பி, வாழ்த்துகள். குபு பாருவில் ராஃப்ட் வழிகாட்டியாக வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு நம் ஆட்கள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். அதனால்தான் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். ஆற்றை மதியத்துக்கு வைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இந்த வட்டாரத்தில் மதியத்துக்கு மேல்தான் இடியும் மழையும் வரும். மற்ற மாதங்களிலும் மலைப்பக்கத்தில் அதை நம்ப முடியாது. கெப்பாலா ஆயர் என்று மலாய்க்காரர்கள் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலே மலையில் கொட்டும் மழை, கீழே நாம் வெயிலில் நிற்கும்போது மொத்தமாக வந்து சேரும். தண்ணீர் திடீரென்று கலங்கும். சருகும் குச்சியும் மிதந்து வரும். மேலேயிருந்து ஓர் இரைச்சல் கேட்கும். அதற்குப் பிறகு பையையும் செருப்பையும் தேட நேரம் கிடையாது, கரையேற வேண்டும், அவ்வளவுதான். 2021 ஆகஸ்ட் 18 அன்று கெடாவில் ஜெராய் மலையிலிருந்து மரமும் பாறையுமாக இறங்கிய வெள்ளத்தை நாம் எல்லாரும் செய்தியில் பார்த்தோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள ஆபத்து இல்லை. 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே ஒரு மலை ஓடையில் சுற்றுலாப் பயணிகளை இறக்கினார்கள். மேலே இடிமழை. ஓடை பெருகி 21 பேர் இறந்தார்கள். அவர்களில் 3 பேர் வழிகாட்டிகள். நடத்திய நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. வழிகாட்டிகளே இறந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். திறமை இல்லாததால் மட்டும் இப்படி நடப்பதில்லை. இறங்க வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அதைச் சொல்ல முடியாமல் போவதும் ஒரு காரணம்.

ஏன் சொல்ல முடிவதில்லை? இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 30 பேர் வேனில் வந்து இறங்கியிருக்கிறார்கள். பணம் வாங்கியாகிவிட்டது. வழிகாட்டிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. பயணம் நடக்காவிட்டால் அவன் அன்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த மனிதனிடம் போய் 'ஆறு எப்படி இருக்கு?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அவனுடைய சோற்றையும் உங்கள் உயிரையும் ஒரே கேள்வியில் கட்டி வைத்திருக்கிறீர்கள். என் கருத்தில், ஒரு சாகச நிறுவனம் பொறுப்பானதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க இந்த ஒரு கேள்வி போதும்: பயணம் ரத்தானால் வழிகாட்டிக்கு அன்றைய முழுச் சம்பளம் உண்டா? உண்டு என்றால் மற்றவை எல்லாம் தானாகச் சரியாக வரும். இல்லை என்றால் தலைக்கவசமும் லைஃப் ஜாக்கெட்டும் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

89 வெள்ளியில் இது நடக்காது, தம்பி. அந்த விலைக்குள் வேன், சாப்பாடு, ராஃப்ட், காப்புறுதி எல்லாம் போட்டால் ரத்துக்கு ஒதுக்க எதுவும் மிஞ்சாது. விலையைக் குறிக்கும்போதே மழைக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

மாலதி_செலாயாங்

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளோடு மலை நடை போவதும் உண்டு. இந்த இழையைப் பார்த்து மகிழ்ச்சியாக இருக்கிறது, தம்பி.

1997 மே 23 அன்று எவரெஸ்டில் முதன்முதலாக மலேசியக் கொடியை ஏற்றியவர்கள் மகேந்திரனும் மோகனதாஸும். இரண்டு தமிழர்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் வீட்டில் போய் மலைக்குப் போகிறேன் என்றால் அம்மா விடமாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பேரிடர்ச் செய்திகள்தான் அவருக்கு வந்து சேர்கின்றன. 2022 டிசம்பர் 16 பத்தாங் காலி நிலச்சரிவில் குழந்தைகள் உட்பட 31 பேர் இறந்தார்கள். இரவில் கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அந்த முகாம் தளத்துக்கு உரிமமே இல்லை என்று பிறகு தெரிய வந்தது. அங்கே போன பெற்றோர் யாரும் அஜாக்கிரதையானவர்கள் இல்லை. முகாம் என்று பெயர்ப்பலகை போட்டிருந்தால் யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பினார்கள். நாமும் அப்படித்தான் நம்புவோம்.

அதனால் உங்கள் விளம்பரத்தில் ஒரு தாய் எதைத் தேடுவாள் என்று சொல்கிறேன். வழிகாட்டியின் பெயர், முகம், அவர் என்ன பயிற்சி முடித்திருக்கிறார். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி. நீச்சல் தெரியாத பிள்ளை வரலாமா, கூடாதா. ஆஸ்துமா உள்ளவர் வரலாமா. அருகில் உள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம். கைபேசி அலைவரிசை இல்லாத இடத்தில் எப்படித் தகவல் சொல்வீர்கள். இவ்வளவும் எழுதியிருந்தால் பயம் கூடாது, குறையும்.

குவார்ட்ஸ்முகடு

எல்லாரும் பேசுவது நியாயம்தான். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஆற்றோரம் அண்ணா சொல்வதுபோல் செய்தால் விலை 180, 200 வெள்ளிக்குப் போய்விடும். செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு பையனுக்கு, அல்லது தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அது பெரிய பணம். அவர்கள் சும்மா இருப்பார்களா? வாட்ஸ்அப் குழுவில் 'வா, போகலாம், பெட்ரோல் காசு மட்டும் போடு' என்று யாராவது கூப்பிடுவார்கள். வழிகாட்டி இல்லாமல், கயிறு இல்லாமல் போவார்கள். கிள்ளான் கேட்ஸ் முகட்டில் உள்ள புக்கிட் தாபூரில் விழுந்து இறந்தவர்களைப் பற்றிப் படிக்கிறோமே, அவர்கள் எல்லாம் நிறுவனத்தோடு போனவர்களா? விலையை ஏற்ற ஏற்ற, பாதுகாப்பான பயணம் வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

காகிதத்தில் உள்ள ஒழுங்குமுறையால் மட்டும் உயிர் தப்பாது என்பதற்கு நியூசிலாந்தைப் பாருங்கள். 2011லேயே சாகச நடவடிக்கை நடத்துகிறவர்கள் பாதுகாப்புத் தணிக்கை முடித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி கொண்டு வந்த நாடு அது. உலகமே அதை எடுத்துக்காட்டாகப் பேசியது. 2019 டிசம்பர் 9 அன்று வெள்ளைத் தீவு எரிமலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள்.

சுற்றுலாக்காரர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு கணக்கும் உண்டு. சாகசப் பயணத்தில் செலவாகும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளூரிலேயே தங்குகிறது என்று ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் 2014 அறிக்கையில் வந்தது. சாகசப் பயண வணிகச் சங்கத்தின் மதிப்பீடு அது. அது வெளிநாட்டிலிருந்து வந்து பல நாள் தங்குகிறவர்களின் பேக்கேஜ் கணக்கு. கோலாலம்பூரில் வேன் ஏறி, பொட்டலம் கட்டிய சாப்பாட்டோடு போய், மாலையில் திரும்பும் 30 பேரால் குபு பாருவுக்கு என்ன கிடைக்கும்? குப்பைதான்.

ஆற்றோரம்

குவார்ட்ஸ் தம்பி சொன்ன கடைசிக் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். சாப்பாட்டைக் கோலாலம்பூரிலிருந்து கட்டிக்கொண்டு வராதீர்கள். குபு பாருவில் நம் ஆட்கள் கடையும் உண்டு, மலாய், சீனக் கடைகளும் உண்டு.

வெள்ளைத் தீவு பற்றி ஒன்று. அந்த எரிமலையின் எச்சரிக்கை நிலையை நவம்பர் 18ஆம் தேதியே 2க்கு உயர்த்தியிருந்தார்கள். வெடித்தது மூன்று வாரம் கழித்து. இடையில் பயணங்கள் தொடர்ந்து நடந்தன. ஆக, தகவல் இருந்தது. அந்த நிலையில் பயணத்தை நிறுத்த வைக்கும் கோடுதான் இல்லை. நான் கேட்பது அந்தக் கோட்டைத்தான். நம் ஆற்றில் அது மிக எளிது. கரையில் ஒரு பாறையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதற்கு மேல் வந்தால் இறங்குவதில்லை. வானிலைத் துறையின் மைச்சுவாச்சா செயலியில் அந்த மாவட்டத்துக்கு இடிமழை எச்சரிக்கை வந்தால் இறங்குவதில்லை. முதலாளி கூப்பிட்டுக் கெஞ்சினாலும், வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் இறங்குவதில்லை. முந்தைய நாளே எழுதி வைத்த கோடாக இருக்க வேண்டும். ஆற்றங்கரையில் நின்று யோசிக்கக் கூடாது.

விலை பற்றிய கவலை உண்மையானது. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் வழிகாட்டியைக் குறைத்து விலையைக் குறைக்கும் வழி மட்டும் வேண்டாம். பணம் குறைவாக உள்ளவர்களுக்கு ஆபத்துக் குறைந்த இடங்கள் இருக்கின்றன. கெப்போங்கில் வன ஆய்வுக் கழகமான ஃப்ரிம் காட்டில் நடக்கலாம், 2025இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. அங்கே தொடங்கட்டும்.

சட்டப்பிரிவு

வழக்கறிஞராக இருக்கிறேன். இது பொதுவான தகவல்தான். தொடங்கும் முன் ஓர் ஆளை நேரில் பார்த்து ஆலோசனை வாங்குங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு போக்குவரத்து, சாப்பாடு, நடவடிக்கை என்று சேர்த்து விற்றால் அது சுற்றுலா நடத்தும் தொழில். 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி அமைச்சின் உரிமம் தேவை. 'நாங்கள் நண்பர்கள் குழு, செலவைத்தான் பகிர்கிறோம்' என்று பலர் சொல்லிக்கொள்கிறார்கள். முகநூலில் விலை போட்டு விளம்பரம் செய்த பிறகு அந்த வாதம் நிற்பது கடினம். மூன்று பேரால் உடனே உரிமம் எடுக்க முடியாது என்றால், ஏற்கெனவே உரிமம் உள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் பெயரில் நடத்துங்கள். தொடக்கத்துக்கு அதுவே நல்லது.

அடுத்து காடு. நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் தேசிய வனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு பாயும். 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். புக்கிட் தாபூருக்கும் இன்னும் பல மலைகளுக்கும் சிலாங்கூர் வனத்துறையின் பெர்மிட் வேண்டும், பல இடங்களில் மலிம் குனுங் எனப்படும் பதிவு பெற்ற மலை வழிகாட்டி கூட வர வேண்டும். வாடிக்கையாளரை அனுமதி இல்லாமல் கூட்டிப் போனால் குற்றம் அவர் தலையிலும் விழும். காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம்.

மூன்றாவது, எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கும் அந்தக் காகிதம். 'எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல' என்று கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் சேர்த்த பகுதியைப் படியுங்கள். தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து தப்பிக்க ஒருவர் எழுதிக்கொள்ளும் ஒப்பந்த வாசகத்தை நியாயமற்றது என்று நீதிமன்றம் தள்ளிவிட முடியும். அந்தத் தாளை ஆபத்தை விளக்கும் தாளாக எழுதுங்கள். வாடிக்கையாளருக்கு அது புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ் இளைஞர்களுக்கு நடத்துகிறீர்கள் என்றால் தமிழில் இருக்கட்டும். கையெழுத்து வாங்கும் முன் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

தனிநபர் விபத்துக் காப்புறுதியில் பாறை ஏற்றம், ராஃப்டிங் போன்றவற்றைப் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள், வாசித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கயிறும்_கொக்கியும்

பத்துமலை பற்றி வந்ததால் வருகிறேன். டமாய் பாறைச் சுவரில் ஏறிப் பழகியவர்களில் நானும் ஒருவன்.

தம்பி, அந்தச் சுவரில் கயிறு மாட்டுவதற்காக இருக்கும் போல்ட்டுகளை யார் அடித்தார்கள் என்று தெரியுமா? ஏறுகிறவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில், சொந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்தது. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஈரமும் வெப்பமும் உள்ள சுண்ணாம்புப் பாறையில் இரும்பு எப்படி இருக்கும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தாய்லாந்தில் கிராபி, ரயிலே கடற்கரைப் பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளே உள்ளுக்குள் அரித்து முறிந்தன. பிறகு டைட்டானியம் போல்ட்டுகளைப் பசை வைத்துப் பதித்தார்கள். நம் பாறை கடலோரத்தில் இல்லை என்றாலும், பழைய போல்ட்டை நம்பிக் கட்டணம் வாங்கிய கூட்டத்தைத் தொங்கவிடுவது என்னால் ஏற்க முடியாத காரியம். வியாபாரமாக வருகிறவர்கள் முதலில் ஏறுகிறவர்களோடு பேச வேண்டும். எந்த வழி சோதிக்கப்பட்டது, எது கைவிடப்பட்டது என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு தலைக்கும் ஒரு தொகையை போல்ட் மாற்றும் செலவுக்குக் கொடுக்க வேண்டும். இதுவரை வந்து போன கூட்டங்களில் பெரும்பாலானவை படம் எடுத்தன, போய்விட்டன.

இன்னொன்று, அந்த மலை நமக்கு வெறும் பாறை இல்லை. மறுபக்கம் முருகன் இருக்கிறான். தைப்பூச நேரத்தில் அங்கே சாகச விளம்பரம் வைக்காதீர்கள். மலைக்குள்ளே இருட்டுக் குகை இருக்கிறது. லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்ற பொறிக்கதவுச் சிலந்தி அங்கே வாழ்கிறது, பத்துமலையின் பெயரையே தாங்கிய உயிர். வௌவால் எச்சத்தை நம்பி அந்த இருட்டில் ஓர் உணவுச் சங்கிலியே ஓடுகிறது. சின்னச் சின்னக் குழுக்களாக வழிகாட்டியோடு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்கள். 2019இல் அதையும் மூடிவிட்டார்கள். மூடிய குகைக்குள் 'ரகசிய அனுபவம்' என்று கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கிள்ளான் கேட்ஸ் முகடு உலகின் மிக நீளமான குவார்ட்ஸ் முகடுகளில் ஒன்று. வேறெங்கும் வளராத செடிகள் அதில் இருக்கின்றன. கீழே 1958இல் கட்டிய அணை, நாம் குடிக்கும் தண்ணீர். அங்கே 30 பேரை ஏற்றும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். கத்திமுனை போன்ற இடங்களில் பின்னால் வருகிறவர் முன்னால் இருப்பவரை அவசரப்படுத்துவார். விழுவது அப்போதுதான்.

உலுசிலாங்கூர்_அக்கா

புக்கிட் கூத்துக்குப் போகும் பாதை எங்கே தொடங்குகிறது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. பெர்த்தாக் கிராமத்தில். தெமுவான் பூர்வக்குடி மக்களின் ஊர் அது. சிலாங்கூர் ஆற்றில் அணை கட்டியபோது பெர்த்தாக், கெராச்சி மக்களை இடம் பெயர்த்து வைத்தார்கள். ஆற்றை இழந்தவர்கள் அவர்கள். இன்று அதே ஆற்றில் நாம் விளையாடப் போகிறோம்.

வார இறுதியில் அந்தக் கிராமத்தைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. வீட்டு வாசலை அடைத்துக் கார்கள். விடியும் முன்னே ஒலிபெருக்கியில் பாட்டு. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கேட்காமல் படம் பிடிக்கிறார்கள். இவ்வளவு பேர் வந்தும் ஊருக்கு வருமானம் என்று சொல்ல வண்டி நிறுத்தும் காசுதான்.

இதை வேறு விதமாகச் செய்ய முடியும். பேராக்கில் கோப்பெங் அருகே உலு கெரோ என்ற இடத்தில் செமாய் பூர்வக்குடி மக்கள் தாங்களே வழிகாட்டிகளாக ராஃப்லீசியா மலரையும் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியையும் காட்டுகிறார்கள். மலேசிய இயற்கைக் கழகம் பயிற்சிக்கு உதவியது. காட்டைக் காட்டுவதில் வருமானம் வருவதால் பூவையும் பூச்சியையும் பறித்து விற்க வேண்டியதில்லை.

தம்பி, வேன் எடுப்பதற்கு முன் நீங்கள் மூவரும் பெர்த்தாக் போய் ஊர்த் தலைவரான தோக் பாத்தினைப் பார்த்துப் பேசுங்கள். எந்த நாளில் வரலாம், எந்த நாளில் வரக் கூடாது, எத்தனை பேர், யார் வழி காட்டுவார், அவருக்கு என்ன கூலி என்று அவர்கள் சொல்லட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் போகாதீர்கள். கூலியை நம் ஆட்களுக்குக் கொடுக்கும் அதே அளவில் கொடுங்கள். அதையும் ரத்தான நாளுக்கும் சேர்த்துக் கொடுங்கள், ஆற்றோரம் ஐயா சொன்னது அவர்களுக்கும் பொருந்தும்.

மீனா_பிஜே

விளம்பரத் துறையில் இருப்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மாலதி டீச்சர் சொன்ன பட்டியலைப் படித்தபோது, இதுவே நல்ல விளம்பர வாசகம் என்று தோன்றியது.

டிக்டாக்கில் எது ஓடும் என்று உங்கள் நண்பருக்குத் தெரியும். முகட்டின் விளிம்பில் கையை விரித்து நிற்கும் பெண், தலைக்கவசம் இல்லாமல் அருவியில் குதிக்கும் பையன். அதைப் போட்டால் பார்வைகள் வரும். ஆனால் அதைப் பார்த்து யார் வருவார்கள்? அதையே செய்ய ஆசைப்படுகிறவர்கள். விளிம்பில் நிற்கக் கூடாது என்று உங்கள் வழிகாட்டி சொன்னால், 'உங்க வீடியோவில நின்னாங்களே' என்பார்கள். விளம்பரம் எந்த மாதிரிக் கூட்டத்தைச் சேர்க்கிறதோ அந்தக் கூட்டத்தைத்தான் வழிகாட்டி ஆற்றங்கரையில் சமாளிக்க வேண்டும். பாதுகாப்பு விளம்பரப் படத்திலேயே தொடங்கிவிடுகிறது.

சாகசச் சுற்றுலாவுக்கென்று ஐ.எஸ்.ஓ. தரங்கள் இருக்கின்றன. 21101 பாதுகாப்பு மேலாண்மைக்கு, 21103 பங்கேற்பாளருக்குக் கொடுக்க வேண்டிய தகவலுக்கு. சின்ன நிறுவனம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதில்லை. ஆனால் முன்பதிவுக்கு முன், பயணத்தின்போது, பயணத்துக்குப் பின் என்று தகவலைப் பிரித்துக் கொடுக்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். பணம் வாங்கிய பிறகு வேனில் உட்கார வைத்து ஆபத்தைச் சொன்னால் யார் இறங்கிப் போவார்கள்?

என் யோசனை, ரத்தை ஒளிக்காமல் முன்னால் வையுங்கள். 'தண்ணீர் குறித்த பாறையைத் தாண்டினால் இறங்க மாட்டோம். பணத்தைத் திருப்பித் தருவோம் அல்லது வேறு நாள் தருவோம். அன்று வந்தவர்களுக்குக் குபு பாரு நகர நடை உண்டு.' அந்த நகர நடையை இரண்டாம் தரமாக நினைக்காதீர்கள். 1883இல் அணை உடைந்து பழைய ஊரையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, மாவட்ட அதிகாரியும் அதில் இறந்தார். அடுத்தடுத்த வெள்ளங்களால் ஊரையே மேட்டுக்கு மாற்றி, பூங்கா நகரமாகத் திட்டமிட்டுக் கட்டினார்கள். ஆற்றில் இறங்க முடியாத நாளில் அந்த ஆற்றின் கதையைக் கேட்டுக்கொண்டே நடப்பது எவ்வளவு பொருத்தம்! இப்படி ஒரு மாற்று கையில் தயாராக இருந்தால், வேண்டாம் என்று சொல்வது வழிகாட்டிக்கும் எளிதாகிவிடும்.

விலையையும் உடைத்துக் காட்டுங்கள். வழிகாட்டிக்கு இவ்வளவு, கிராமத்துக்கு இவ்வளவு, காப்புறுதிக்கு இவ்வளவு, மழை நாளுக்கு இவ்வளவு. விலை கூட என்று கேட்பவருக்கு அதுவே பதில்.

வெள்ளைச்சட்டை

தாதியாக வேலை செய்கிறேன், சுருக்கமாக ஒன்று. பயணத்துக்குப் பிந்தைய தகவல் என்று மீனா சொன்னதில் எலிக்காய்ச்சலைக் கண்டிப்பாகச் சேருங்கள், கென்சிங் திக்குஸ் என்றால் எல்லாருக்கும் புரியும். 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த இக்கோ சேலஞ்ச் சாகசப் போட்டிக்குப் பிறகு விசாரிக்கப்பட்ட 189 வீரர்களில் 80 பேருக்கு அதற்கான அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதுதான் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. அவரவர் நாட்டுக்குத் திரும்பிய பிறகுதான் பலருக்குக் காய்ச்சல் வந்தது. காலில் வெட்டுக்காயம் உள்ளவரை ஆற்றில் இறக்காதீர்கள். சில நாள், சில வாரம் கழித்துக் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அதற்குச் செலவே இல்லை.

ரவாங்_தம்பி

எல்லாருக்கும் நன்றி. மூன்று பேரும் உட்கார்ந்து முழு இழையையும் படித்தோம். இப்போதைய முடிவு இது.

30 பேர் இல்லை, 12 பேர். கிள்ளான் கேட்ஸ் முகடு திட்டத்தில் இல்லை. பத்துமலை பாறை ஏற்றத்தை இந்த ஆண்டு தொடப் போவதில்லை, கயிறு அண்ணாவின் ஆட்களோடு முதலில் பேசுகிறோம். ராஃப்டிங் காலையில். உரிமம் உள்ள ஒரு நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருக்கிறோம். வழிகாட்டிகளுக்கு நாள் சம்பளம், ரத்தானாலும் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம். அவர்கள் கொஞ்சம் தயங்குகிறார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம். வரும் வாரம் பெர்த்தாக் போகிறோம், கேமரா எடுத்துப் போகவில்லை.

கணக்குப் போட்டால் விலை 190க்குப் பக்கத்தில் வருகிறது. குவார்ட்ஸ் அண்ணா சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது. 12 இடத்தில் இரண்டைப் பாதி விலைக்கு வைத்து, மற்ற பத்துப் பேரின் விலையில் அதைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறோம்.

குவார்ட்ஸ்முகடு

இரண்டு இடம் போதாது என்பேன். ஆனால் தொடக்கத்துக்குச் சரி. அந்த இரண்டு பேர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதே லைஃப் ஜாக்கெட், அதே சாப்பாடு. மாலதி டீச்சர் பள்ளி மூலமாக ஆள் சொல்ல முடியுமா?

மாலதி_செலாயாங்

முன்னாள் மாணவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், சொல்கிறேன். 18 வயதுக்கு மேல் உள்ளவர்களை மட்டும். ஆபத்து விளக்கத் தாள் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள் தம்பி, அவர்கள் அம்மாக்களோடு நானே உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.

ஆற்றோரம்

பெர்த்தாக் போகும் நாளை எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள், தம்பி. அன்று நானும் வருகிறேன். வாடிக்கையாளர் யாரும் வேண்டாம், நீங்கள் மூவர் மட்டும். ஆற்றங்கரையில் எந்தப் பாறையைக் குறிப்பது என்று அங்குள்ள வழிகாட்டிகளையும் வைத்துக்கொண்டு பார்த்து முடிவு செய்வோம். மழை பெய்த மறுநாளாக இருந்தால் இன்னும் நல்லது.